அம்மியில் ஒரு துளை

நியாயமான கோபம் என்று ஒன்று உண்டு. செய்த குற்றத்தை மறைக்கப் போடுகிற கூச்சல் என்றும் ஒன்று உண்டு. சத்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் இந்தக் கதையில் யார் என்ன பேசினார்கள் என்பதை விட, எது எங்கே எப்படிக் கிடந்தது என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன்.

பூபாலனும் தமயந்தியும் திருச்சிக்காரர்கள். காதல் கல்யாணம். பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். தமயந்தியின் அம்மா வரவில்லை. மகள் யாழினி பிறந்த பிறகுதான் அந்த அம்மாவுக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. அப்போதும் நேரில் வராமல், தான் அரைத்துக்கொண்டிருந்த அம்மியை மூத்த மகன் மாணிக்கத்திடம் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். "மிதிக்கத்தான் அவளுக்குக் கொடுத்து வைக்கல, அரைக்கவாவது செய்யட்டும்" என்று சொல்லியும் அனுப்பினாள். தமயந்தி அன்று அம்மிமேல் கை வைத்துக்கொண்டு அழுதாள். "என் பொண்ணு கல்யாணத்துல இதைத்தான் மிதிக்கணும்" என்று புருஷன் எதிரிலேயே சொன்னாள்.

அரைத்து அரைத்து அம்மியின் நடுப்பகுதி தட்டு மாதிரி குழிந்துபோயிற்று. பிறகு மிக்ஸி வந்தது, அம்மி கொல்லைக்குப் போனது. ஒருமுறை தங்கை வீட்டுக்கு வந்த மாணிக்கம், தண்ணீர் டிரம்மை உயர்த்தி வைக்க அதையே தூக்கி அடியில் கொடுத்தான். குழிந்த பக்கம் மேலே இருந்தால் டிரம் ஆடுகிறது என்று கவிழ்த்தும் போட்டான். டிரம் உடைந்து போன பிறகும் அம்மி கவிழ்ந்தபடியே கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பலகைக்கல்.

யாழினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி வீட்டார் வருவதற்குள் வாசல் தோட்டத்தில் ஒரு கல் நீரூற்று வைத்தே தீர்வது என்று பூபாலன் கிளம்பினான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானும் ஒரு சிற்பி என்று நம்பத் தொடங்கிய ஆள் அவன். பட்டெடுக்கக் காஞ்சிபுரம் போகத் தாயும் மகளும் காரில் ஏறுகிற நேரம் பார்த்து வந்து, "கொல்லையில கிடக்கிற கல்லை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான்.

"எதையாவது எடுத்துத் தொலைங்க, நேரமாச்சு" என்றாள் தமயந்தி.

தோட்டத்தில் பள்ளம் தோண்டி ஒரு பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்தான். தொட்டிக்குள் சின்ன மோட்டாரை இறக்கி, மேலே கம்பி வலை போட்டான். துளை போடும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்து, சூடேறாமலிருக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, கல்லின் நடுவில் தேங்கிய தண்ணீருக்குள்ளேயே துளைத்தான். வலைமேல் கல்லை வைத்து, துளை வழியாகக் குழாயை ஏற்றி, சுற்றிலும் கூழாங்கற்களைக் கொட்டினான். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் துளையில் கொப்பளித்து, நடுக்குழியில் தட்டில் நிற்பதுபோல் நின்று, விளிம்பு வழியாக வழிந்து தொட்டிக்கே திரும்பியது. அழகாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து திரும்பிய தமயந்தி பட்டுப்புடவைப் பையோடு கேட்டருகில் அப்படியே நின்றுவிட்டாள். தாய்மாமன் சீர் பற்றிப் பேச வந்திருந்த மாணிக்கமும் அங்கே இருந்தான்.

"அம்மியிலயா ஓட்டை போட்டீங்க? என் பொண்ணு மிதிக்க வேண்டிய அம்மியில?" பையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள் தமயந்தி.

பூபாலன் அவளைவிடச் சத்தமாகக் கத்தினான். "சத்தியமா அது அம்மின்னு எனக்குத் தெரியாது! கவுந்து கிடந்துச்சு, பழைய பலகைக்கல்லுன்னு நெனச்சேன். உன்னைக் கேட்டுட்டுத்தானே எடுத்தேன்? முதுகு ஒடிய வேலை பார்த்தவனுக்கு இதுதான் மரியாதையா? மண்டபத்துல ஒரு அம்மி கிடக்கும், அதை மிதிச்சா கல்யாணம் ஆகாதா?"

"கல்லுன்னுதான் கேட்டீங்க. அம்மின்னு கேட்டீங்களா?"

மாணிக்கத்தின் கோபம் தங்கைமேல் பாய்ந்தது. "அம்மா அரைச்ச அம்மி. அதைக் கொல்லையில கவுத்துப் போட்டு வெச்சிருந்தியே, உனக்கு வெக்கமா இல்ல? இனிமே இது இந்த வீட்டுல இருக்கக்கூடாது. நான் எடுத்துட்டுப் போறேன்" என்று கடப்பாரையைத் தேடினான். யாழினி மோட்டாரை நிறுத்தினாள். தண்ணீர் நின்றது, சண்டை நிற்கவில்லை.

ஒருவன் உழைப்பை மதிக்கவில்லை என்று கொதிக்கிறான். ஒருத்தி அம்மி பாழானது என்று கொதிக்கிறாள். ஒருவன் அம்மா கொடுத்ததைக் காப்பாற்றவில்லை என்று கொதிக்கிறான். இந்த மூவரில் யாருடைய கோபம் நியாயமான கோபம்? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: தமயந்தியின் கோபம்தான். அம்மியைக் கவிழ்த்துப் போட்டதே மாணிக்கம், தங்கையைத் திட்ட அவனுக்கு அருகதையில்லை. பூபாலன் சொன்னது பச்சைப் பொய். கவிழ்ந்து கிடந்த அம்மியில் துளைக்கும்போதே நடுவில் தண்ணீர் தேங்கியதும், பிறகு குழியில் நீரூற்றுத் தண்ணீர் நின்றதும் எப்படி? அவன் அதைப் புரட்டியிருக்கிறான், குழியைப் பார்த்திருக்கிறான், அம்மி என்று தெரிந்த பிறகுதான் நடுவில் துளை போட்டிருக்கிறான். குழியைக் காட்டித் தமயந்தி கேட்டதும் அவன் சிமெண்ட் வைத்துத் துளையை அடைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினான். அவள் அடைக்க விடவில்லை. முகூர்த்தத்தன்று அந்த அம்மி துளையோடே மண்டபத்துக்குப் போனது, யாழினி அதைத்தான் மிதித்தாள். தமயந்தி புருஷனை அம்மிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தாள். "என்ன ஓட்டைன்னு நாலு பேர் கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லுங்க" என்றாள்.