தேடலில் வராத மாடத்தி

மடத்தின் தலைவியானபோது வேலம்மைக்கு வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர் தாணுவுக்கு அறுபத்தைந்து. மடத்துக் கடிதங்களை இருபது வருடமாகக் கணினியில் தட்டுகிறவர் தாணுதான்.

போன மாதம் அதில் ஒரு தேடல் மென்பொருளைப் போட்டிருந்தார். ஒரு சொல்லைத் தட்டினால் போதும், எந்தக் கோப்புக்குள் கிடந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் காட்டிவிடும். தாணுவுக்குப் பெருமை தாங்கவில்லை. மடத்துக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அன்று காலை வருவாய் ஆய்வாளர் வந்தார். மடத்துக்குக் கிழக்கே கீழக்குடியில் பதினோரு வீடுகள். புறவழிச்சாலை வருகிறது, நீங்கள் ஆக்கிரமிப்பு, காலி செய்யுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லியாயிற்று. அந்த இடத்தை மடத்தின் பழைய தலைவர் அவர்களுக்கே எழுதிக் கொடுத்தது ஊரறிந்த சேதி. ஆனால் பத்திரம் வெள்ளத்தில் போய்விட்டது. எண் தெரிந்தால் நகல் வாங்கலாம். அந்த எண் எங்காவது இருக்குமானால் மடத்துக் கணினியில்தான் இருக்கும்.

தாணு ‘கீழக்குடி’ என்று தட்டினார். ‘தானப்பத்திரம்’ என்று தட்டினார். இரண்டுக்கும் பூச்சியம்தான் வந்தது.

ஆய்வாளர் ஒரு தாளை நீட்டினார். மடத்தில் அப்படி ஆவணம் எதுவும் இல்லை என்று அதில் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. வேலம்மை கையெழுத்துப் போட்டால் கீழக்குடியின் கதை முடிந்தது.

வேலம்மை பேனாவைத் தொடவில்லை.

“அம்மா, தேடியாச்சு. இல்லைன்னு வந்தாச்சு. அப்புறம் கையெழுத்துப் போட என்ன தயக்கம்?” என்று கேட்டார் தாணு.

வாசலில் கீழக்குடி மாடத்தி நின்றிருந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“மாடத்தின்னு தட்டுங்க” என்றார் வேலம்மை.

தட்டினார்.

“என்ன சொல்லுது?”

“ஒண்ணும் இல்லைங்குது.”

வேலம்மை வாசலைப் பார்த்தார். “மாடத்தி, இருக்கியா?”

“இங்கனதானம்மா நிக்கேன். எங்க போவேன்?”

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலம்மை சிரிக்கவில்லை.

“மொத்தம் எத்தனை கோப்பு?”

“ஆயிரத்து நானூறு இருக்கும்மா” என்றார் தாணு.

“ஒவ்வொண்ணாத் திறங்க.”

ஆய்வாளர் எழுந்துவிட்டார். “இன்னைக்குள்ள தாள் போயாகணும்மா. மேலிடத்துல நெருக்குறாங்க.”

“தாராளமாப் போங்க. தாளையும் எடுத்துக்கிட்டுப் போங்க. எவர் நெருக்கினாலும் இந்தக் கை அதுல படாது.”

வெறுங்கையோடு போக அவருக்குப் பயம். திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

தாணு திறக்க ஆரம்பித்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எழுபதாவது கோப்பில் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளுமாக எறும்பு மொய்த்தது போல் வந்தது. குப்பை என்று மூடப்போனவரின் கை நின்றது. அது அந்தக் காலத்து எழுத்துருவில் அவரே தட்டியது. புது மென்பொருளுக்கு அது தமிழே இல்லை. பழைய எழுத்துருவை எங்கிருந்தோ தோண்டி எடுத்துப் போட்டதும் அத்தனையும் தமிழாகிவிட்டது.

அப்படி முந்நூறு கோப்புகள் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்கு யாரும் எழவில்லை. மூன்று மணிக்குப் பத்திர எண் கிடைத்தது. கீழே பதினோரு பெயர்கள். மூன்றாவது மாடத்தி.

அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆய்வாளர் எண்ணைக் குறித்துக்கொண்டு, தன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

தாணுவுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

“கிடைச்சதால சரியாப் போச்சு. கடைசிக் கோப்பு வரைக்கும் கிடைக்காமப் போயிருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?”

“முதல் கோப்புல இருந்து மறுபடி திறக்கச் சொல்லியிருப்பேன்” என்றார் வேலம்மை. “நீங்க திறந்து முடிக்கிற வரைக்கும் மாடத்தி அவ வீட்டுலதான் இருந்திருப்பா.”