ஹெச்.எம். அறையில் நடவு

ஆவரங்குளம் உயர்நிலைப்பள்ளியில் புத்தி ரொம்பி வழிந்த காலம் ஒன்று உண்டு. எழுபதுகளின் நடுவில். வழிந்தது போக மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டுதான் வாத்தியார்கள் பாடம் நடத்தினார்கள்.

அப்போதெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை விருப்பப் பாடம் என்று ஒன்றை எடுக்கவேண்டும். ஆவரங்குளத்தில் யாருடைய விருப்பத்தையும் யாரும் கேட்டதில்லை. உயரமானவன் விவசாயம், குட்டையானவன் நெசவு, கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருந்தால் டைப்ரைட்டிங். அவ்வளவுதான் விருப்பம்.

விவசாயத்துக்குப் பெரியநாயகம் சார். பள்ளிக்குப் பின்னால் ஒரு துண்டு வயல், ஒரு கிணறு, ஒரு சோளக்கொல்லைப் பொம்மை, இவ்வளவும் அவருடைய ஆட்சி. யார் எதைச் சொன்னாலும் "அடியுரம் போட்டாச்சா?" என்று கேட்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடமும் கேட்டிருக்கிறார்.

நெசவுக்குச் சிவனணைஞ்சான் சார். தறியில் நாடா போய்ப் போய்த் திரும்புவதைப் பார்த்துப் பார்த்து, எதையும் இரண்டு தரம் சொல்வார். டைப்ரைட்டிங்குக்கு எஸ்தர் டீச்சர். வாயைத் திறந்தால் கமாவும் ஃபுல்ஸ்டாப்பும் சேர்ந்தே வரும்.

இவர்களுக்கெல்லாம் தலை, ஹெச்.எம். அகோரமூர்த்தி. 'அதாவது' இல்லாமல் அவருக்குத் தும்மல்கூட வராது.

ஒருநாள் காலை ஹெச்.எம். மூவரையும் கூப்பிட்டார்.

"அதாவது, திங்கக்கிழமை கல்வி அதிகாரி வாராரு. கண்ணுல படலைன்னா துறையே இல்ல, பிள்ளை இல்லன்னாலும் துறை இல்லம்பாரு. அங்கேயே மூடிட்டுப் போயிருவாரு. போன வருசம் டிராயிங்குக்கு என்ன ஆச்சு?"

போன வருசம் அதிகாரி வந்த நேரத்தில் டிராயிங் சார் பிள்ளைகளோடு கோபுரம் வரையப் போயிருந்தார். துறையை மூடி, அவரை ஆறாம் வகுப்புக் கணக்குக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றுமுதல் மனிதர் பின்னத்தில் மாட்டிக்கொண்டு, மேலே ஒரு எண்ணும் கீழே ஒரு எண்ணுமாகக் கனவு கண்டு இளைத்துவிட்டார்.

பெரியநாயகம் சாருக்கு நெல்லை மரக்காலில் அளக்கத் தெரியும். கழிக்கச் சொன்னால் எதிலிருந்து எதை என்று கடைசிவரை புரிந்ததில்லை. கணக்குக்குப் போவதற்குக் கிணற்றுக்குள் போகலாம்.

"அதாவது, அதிகாரிக்கு மூட்டுவலி. என் ரூமை விட்டு அசையமாட்டாரு. அதனால உங்க துறை மொத்தமும் இந்த ரூமுக்குள்ள வந்திரணும். ஒண்ணு பாக்கி இருக்கக் கூடாது."

வேறு ஊர் வாத்தியாராக இருந்தால் ஒரு துண்டு, ஒரு கட்டுக் கதிர், டைப் அடித்த தாள் ரெண்டு என்று கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆவரங்குளத்தில் அப்படி அரைகுறை வேலை கிடையாது.

"சார், வயலையுமா?" என்றார் பெரியநாயகம்.

"அதாவது, வயல் உம்ம துறையா, இல்ல தபால் துறையா?"

"எங்க துறைதான் சார்."

"பொறவு என்னவே கேள்வி?"

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மூவரும் தீவிரமாக யோசித்தார்கள்.

"வயலைக் கூடை கூடையா அள்ளிக் கொண்டாந்திரலாம்," என்றார் பெரியநாயகம். "கெணத்தைத்தான் என்ன செய்யன்னு தெரியல."

"தண்ணிய மட்டும் கொண்டாரும்வே, தண்ணிய மட்டும். ஆழம் அங்கேயே கெடக்கட்டும்."

"அதிகாரி ஆழத்தக் கேட்டா?"

"இறைச்சுட்டோம் சார் கமா காயப் போட்டிருக்கோம்னு சொல்லுங்க ஃபுல்ஸ்டாப்," என்றார் எஸ்தர் டீச்சர்.

சிவனணைஞ்சான் சாருக்கு வேறு கவலை. அவருடையது குழித்தறி. நெய்கிறவன் காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கவேண்டும். "தறியக் கழட்டித் தூக்கிருவேன்வே. குழிய எப்படித் தூக்க, குழிய எப்படித் தூக்க?"

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமே இல்ல."

"அப்பக் கனம் இருக்காதுல்லா?"

ஆளுக்கொரு பக்கம் நின்று குழியைத் தூக்கிப் பார்த்தார்கள். கனம் இல்லைதான். ஆனால் பிடிக்க வாகாக இல்லை. கடைசியில் ஹெச்.எம். அறை சிமெண்டுத் தரையைக் கடப்பாரையால் பெயர்த்து அங்கேயே புதுக்குழி வெட்டுவதென்று முடிவாயிற்று.

சனிக்கிழமை முழுக்க ஒரு வரிசைப் பிள்ளைகள் குழி மண்ணைச் சுமந்து வெளியே போனார்கள். இன்னொரு வரிசை வயல் மண்ணைச் சுமந்து உள்ளே வந்தது. வாசலில் இரண்டு வரிசையும் முட்டிக்கொண்டது. "போற மண்ணு முக்கியமா, வாற மண்ணு முக்கியமா?" என்று ஒரு தகராறு. ஹெச்.எம். வந்து, "அதாவது, ரெண்டும் அரசாங்க மண்ணு, ஒதுங்கி ஒதுங்கிப் போங்க," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மண்ணைப் பரத்தி, தண்ணீர் வெளியே ஓடாமல் வாசலை அடைத்து இடுப்பளவு வரப்புப் போட்டார்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறைத்து ஊற்றினார்கள். ஐ.ஆர்.எட்டு நாற்று நட்டார்கள். பொம்மையும் மூலையில் நின்றது.

தண்ணீர் முதலில் தறிக்குழிக்குப் போயிற்று. சிவனணைஞ்சான் சார் தொடைவரை நனைந்துகொண்டே நெய்து பார்த்தார். "குளுகுளுன்னு இருக்குவே, குளுகுளுன்னு." எஸ்தர் டீச்சரின் டைப்ரைட்டர் மேஜை சேற்றுக்குள் இறங்க ஆரம்பித்தது. முதல் வரியை நின்றுகொண்டு அடித்தார். அடுத்த வரியை உட்கார்ந்து அடித்தார். பக்கம் முடிகிறபோது முழங்காலில் நின்றார். பார்த்தவர்கள் ஜெபம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்கள்.

இவ்வளவுக்கும் இடம் வேண்டும் என்பதால் ஹெச்.எம்.மின் மேஜை, நாற்காலி, காலண்டர், 'தலைமையாசிரியர்' என்ற பலகை எல்லாவற்றையும் வெளியே எடுத்தாயிற்று. எங்கே வைப்பது? வயல் இருந்த இடம் பள்ளமாகச் சும்மா கிடந்தது. அங்கே வைத்தார்கள்.

திங்கட்கிழமை. பிள்ளைகள் அறைக்குள் முழங்கால் சேற்றில் வரிசையாக நின்றார்கள். வரப்புக்கு வெளியே காவல் நின்ற பெரியநாயகம் சார், ஹெச்.எம். பள்ளத்தைப் பார்த்து நடப்பதைக் கண்டார்.

"சார், எங்க போறீங்க? ரூம் இங்கல்லா இருக்கு!"

"அதாவது, ஹெச்.எம். எங்க இருக்காரோ அதான்வே ஹெச்.எம். ரூம்."

பெரியநாயகம் சார் வரப்பையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வயல் ஹெச்.எம். அறையில் இருக்கிறது, ஹெச்.எம். அறை வயலில் இருக்கிறது. அதிகாரி எங்கே உட்காருவார்?

அதிகாரி வந்து, பலகை எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார்ந்தார். கைத்தடியை ஊன்றிப் பள்ளத்தில் இறங்கி, ஹெச்.எம். நாற்காலியில் சாய்ந்து, வந்த வடையைக் கையில் எடுத்தார்.

"விவசாயம் எங்கேய்யா?"

"சார், உங்க ரூம்ல... இல்ல, அவர் ரூம்ல... இது வயலு சார், ஆனா வயல் இல்ல," என்றார் பின்னாலேயே ஓடிவந்த பெரியநாயகம். கண்ணுக்குள் பின்னங்கள் மேலும் கீழுமாக ஆடின.

"என் கண்ணுல படலையே. ம். இருக்கறதப் பாப்போம்." அதிகாரி பலகையைப் படித்தார். "தலைமையாசிரியர். இந்தத் துறையில எத்தன பிள்ளைங்க?"

ஹெச்.எம். விழித்தார். "அதாவது... பிள்ளை யாரும் இல்ல சார்."

"ஒண்ணுகூடவா?"

"இல்ல சார்."

"அப்ப மூடிரவேண்டியதுதான்."

வடை தின்ற கையில் எண்ணெய். அதிகாரி கை கழுவத் தண்ணீர் கேட்டார். கிணற்றில் ஆழம் மட்டும்தான் இருந்தது. முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு கட்டடம்வரை நடந்துவந்தவர், வாசல் வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீரைக் கண்டதும் குனிந்து கை கழுவினார். நிமிர்ந்தால் எதிரே நாற்று, பொம்மை, தறி, சேற்றோடு சேறாக எஸ்தர் டீச்சர், நகர முடியாமல் ஊன்றி நிற்கிற பிள்ளைகள்.

"பேஷ்! ஒரு பையன்கூட அசையலையே! இதுவல்லவோ துறை! இங்க எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

பெரியநாயகம் சாருக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் "சார், அடியுரம் போட்டாச்சா?" என்று அதிகாரியையே கேட்டுவிட்டார்.

அதற்குள் ஹெச்.எம். பெரியநாயகம் சார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வே, உம்ம துறையிலேருந்து ஒரு பிள்ளையக் கடனாக் குடும்வே!"

"ஒருத்தனுக்கும் காலு வரமாட்டேங்கு சார். பொம்மை வேணா சும்மா நிக்கி."

ஹெச்.எம். வரப்பேறி விழுந்து பொம்மையைப் பிடுங்கி வந்து அதிகாரி முன்னால் நிறுத்தினார். "அதாவது சார், என் துறைக்கு ஒரு பிள்ளை!"

தலைமையாசிரியர் துறைப் பிள்ளைக்கு அதற்கேற்ற பரீட்சை வைக்கவேண்டும் என்று அதிகாரி பொம்மையைச் சுற்றிவந்தார். "தம்பி, உனக்கு இடமாற்றம் வேணுமா?" பதில் இல்லை. "சம்பளம் பத்தலையா?" பதில் இல்லை. "பள்ளிக்கூடத்துல ஏதாவது குறை?" இல்லை. விரித்த கை விரித்தபடி, தலையில் சட்டி சாயாமல் நின்றது.

"இத்தன வருச சர்வீஸ்ல இப்படியொரு ஹெச்.எம்.மை நான் பாத்ததில்ல," என்றார் அதிகாரி. "பாஸ்! இன்னியிலேருந்து தம்பியே பாத்துக்கட்டும். பழைய ஆளு ஆறாம் வகுப்புக் கணக்குக்குப் போகட்டும்."

மறுநாள் பெரியநாயகம் சார் மாமனார் ஊர்க் கோயில் கொடைக்கு லீவு கேட்கப் பள்ளத்தில் இறங்கினார். 'தலைமையாசிரியர்' பலகைக்குப் பின்னால் நின்ற பொம்மையின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். திரும்பி வந்தவரை மற்ற இருவரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னவே சொன்னாரு, என்னவே சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல," என்றார் பெரியநாயகம் கவலையோடு. "ஆனா ரெண்டு கையையும் விரிச்சுட்டாரு."