மீசை முளைத்த கத்திரிக்காய்

கட்சி மாறுவதில் பொன்னுரங்கத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்தத் தடவை கத்திரிப்பூ நிறக் கொடி. சந்தைச் சுவரில் அவர் படம் வரைய வந்த செங்கமலத்திடம் உறுமினார்: "கத்திரிப்பூ நிறம் மட்டுந்தான்! வேற கட்சி நிறம் ஒரு பொட்டு தெரிஞ்சாலும் இந்த ஊர்ல நீ பிரஷ்ஷைத் தொட முடியாது!"

செங்கமலம் முகத்தையும் அதே நிறத்தில் அப்படியே வரைந்தாள். மறுநாள் சந்தையே கூடிச் சிரித்தது. "டேய், கத்திரிக்காய்க்கு மீசை முளைச்சிருக்குடா!"

பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என் முகத்தோட நிஜ நிறம் எங்கே?"

"அதுக்குச் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு எல்லாம் கலக்கணுங்கய்யா. நாலும் நாலு கட்சிக்காரங்க நிறமாச்சே!"

"கலந்து தொலை!"

செங்கமலம் ஏணியில் ஏறிக்கொண்டே சந்தைக்கே கேட்கும்படி சொன்னாள்: "கவலைப்படாதீங்கய்யா. அந்த நாலு கட்சியிலயும் இருந்துட்டு வந்த முகந்தானே? அச்சு அசலா வந்துடும்!"