சிவப்பாகத் தெரிந்த வயல்

கதை முடிந்ததும் உங்களிடம் தீர்ப்புக் கேட்பேன். அதுவரை யார் பக்கமும் சாய்ந்துவிடாதீர்கள்.

நெடுங்கண்மாயில் அந்த வருடம் ஒரே ஒரு வயலுக்குத்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. யாருக்கு மடையைத் திறப்பது என்று கைகலப்பு வரை போன பிறகு, செயற்கைக்கோளே சொல்லட்டும் என்று ஊர் ஒப்புக்கொண்டது. தாகத்தில் தவிக்கும் பயிர் சூடேறும். மேலிருந்து எடுக்கும் படத்தில் அந்த வயல் சிவப்பாகத் தெரியும். அதிகம் சிவந்த வயலுக்குத் தண்ணீர் என்று முடிவாயிற்று.

படத்தைப் பார்த்துச் சொல்ல வந்த அதிகாரி முத்துராக்கு அதே ஊர்க்காரிதான். அவள் சிறுமியாக இருந்தபோது வைரப்பன் மடையை அடைத்து, அவளுடைய அப்பாவின் நெல்லைப் பதராக்கினான். கேட்கப் போனவரைப் பார்த்துச் சிரித்தான். பிழைப்புத் தேடி வெளியூர் போன அப்பா பிணமாகத்தான் திரும்பினார். அந்தச் சிரிப்பை முத்துராக்கு மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை.

முதல் படத்தில் இரண்டு வயல்கள் சிவந்திருந்தன. ஒன்று சந்தனம் என்பவரின் மிளகாய். ஒரு வாரம் தாங்கும். மற்றொன்று வைரப்பனின் நெல். ஆனால் அதை ஒட்டிய அவனுடைய தென்னந்தோப்பு குளிர்ந்து நீலமாகக் கிடந்தது. இரண்டுக்கும் ஒரே கிணறு. முத்துராக்குக்கு விளங்கிவிட்டது. கிணற்றுத் தண்ணீரைத் தோப்புக்குப் பாய்ச்சிவிட்டு, கண்மாய்த் தண்ணீரை அடிக்க நெல்லை வேண்டுமென்றே காயப்போடுகிறான். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் தோன்றும். அது இனி ஒரு வாரம்கூடத் தாங்காது என்பது படத்தின் சூட்டைப் படிக்கத் தெரிந்தவளுக்கு மட்டுமே தெரியும்.

வைரப்பன் குழைந்துகொண்டு வந்தான்.

"என்னத்தா, நம்ம வயலு எப்படித் தெரியுது?"

"நல்லாச் செவந்திருக்கு மாமா. அடுத்த வாரப் படமும் வந்துரட்டும்."

அவன் சந்தோஷமாகப் போனான்.

அடுத்த படத்தில் அவன் வயல்தான் ஊரிலேயே அதிகம் சிவந்திருந்தது. "செவப்புக்குத்தானே தண்ணி?" என்று கூட்டத்தில் எழுந்து நின்றான். முத்துராக்கு பயிரின் பசுமையைக் காட்டும் இன்னொரு படத்தை விரித்தாள். அவன் வயலில் பசுமையே இல்லை.

"உசுரு இருக்க பயிருக்குத்தான் தண்ணி மாமா. ஒங்க நெல்லு செத்துப்போச்சு."

மடை மிளகாய்க்குத் திறந்தது. வைரப்பன் வரப்பில் உட்கார்ந்து அழுததை முத்துராக்கு கண்குளிரப் பார்த்தாள்.

இப்போது சொல்லுங்கள்: அந்த நெல்லைக் கொன்றது யார்?

வைரப்பன் என்கிறது ஊர். ஏமாற்ற நினைத்தவன் அவன்தான், மறுக்கவில்லை. அதற்குத் தண்டனை, கண்மாய்த் தண்ணீர் கிடையாது என்பது மட்டும்தான். நெல் என்ன குற்றம் செய்தது? 'கிணற்றுத் தண்ணீரை நெல்லுக்குப் பாய்ச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது பிழைத்திருக்கும். அதைச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். எனவே கொன்றது முத்துராக்கு. சந்தேகம் என்றால் அவளிடமே கேளுங்கள். "ஆமா, நான்தான்" என்பாள். குரலில் துளி வருத்தம் இருக்காது.