பச்சையம்மன் குளிக்க ஒரு கரை

ஒரு ஊர்ல ஒரு பொம்பளை இருந்தா. பேரு பூங்காவனம். நாக்குன்னா நாக்கு, அப்பேர்ப்பட்ட நாக்கு அவளுக்கு. அந்த ஊர்ல ஒம்பது கிணறு. கண்ணக் கட்டிவிட்டு ஒரு வாய் தண்ணி குடுத்தாப் போதும், இது மேலத்தெருக் கிணறு, இது புளியந்தோப்புக் கிணறுன்னு பட்டுன்னு சொல்லிடுவா. ம் கொட்டு கயலு. ம் கொட்டுனாத்தான் இந்தப் பெரியம்மாவுக்குக் கதை வரும்.

"ம்."

அப்படி. அந்த ஊர்க் கோயில்ல பச்சையம்மன் இருந்தா. எம்மாம் பெரிசுன்னு கேக்கறியா? உன் முழங்கை அளவுதான் இருப்பா, இத்தனூண்டு செப்புச் செலை. வெள்ளிக்கிழமை ஆனா அம்மன் குளிக்கத் தண்ணி கொண்டாந்து குடுக்கறது பூங்காவனத்தோட வேலை. ஒம்பது கிணத்துல எட்டு நல்ல தண்ணி, ஒண்ணு உப்புத் தண்ணி. உப்புத் தண்ணிய மாடு கழுவத்தான் எடுப்பாங்க. அம்மன் மேல ஒரு சொட்டு படக்கூடாது, செலை வெள்ளை வெள்ளையாப் பூத்துப் போயிடும்னு ஊர்க் கட்டுப்பாடு.

அப்புறம் மாசி மகம் வருமில்ல, அதுக்கு சுத்துப்பட்டு ஊரு சாமியெல்லாம் கடலுக்குக் குளிக்கப் போவும். டண்டணக்க டண்டணக்கன்னு மேளம் அடிச்சுக்கிட்டு, பூவும் குடையுமா இந்த ஊர் வழியாத்தான் போவும். பச்சையம்மன் மட்டும் உள்ளயே உக்காந்திருப்பா. ஏன்னா அந்த ஊர்ல ஒருத்தரும் கடலப் பாத்ததில்ல. உப்பு எங்கேருந்து வருதுன்னு கேட்டா சந்தையிலேருந்துன்னு சொல்ற ஊரு அது. சிரிக்காத, அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?

ஒரு வருஷம் தை மாசக் கடைசியில பூங்காவனம் அம்மன் செலையத் தொடச்சுக்கிட்டே நெனச்சா. நாம பொறந்ததுலேருந்து சந்தையத் தாண்டினதில்ல. இவளும் இந்த நாலு தெருவத் தாண்டினதில்ல. இவளும் ஒரு பொம்பளதானே, போற சாமியெல்லாம் மேளச்சத்தமாக் கேட்டுக்கிட்டு இருட்டுல உக்காந்திருக்காளே. தொடச்ச துணியக் கீழ போட்டுட்டு நேரா தர்மகர்த்தா ஏகாம்பரத்து வீட்டுக்குப் போயிட்டா.

ஏகாம்பரம் பெரிய சட்டம் பேசற ஆளு. கடலுக்குப் போறதுன்னா சும்மாவான்னு ஆரம்பிச்சாரு. கரை பாக்க லட்சணமா இருக்கணுமாம். தண்ணி குடிக்கிற மாதிரி நல்ல தண்ணியா இருக்கணுமாம். ஒரு தரம் ஒரு கரையில குளிச்சுட்டா ஆயுசுக்கும் அதே கரைதானாம், வருஷத்துக்கு ஒண்ணுன்னு மாத்தக்கூடாதாம். அமாவாசை அன்னைக்குக் கிளம்பி, பத்தாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள கரைய முடிவு பண்ணிட்டு வந்து சொல்லணும். சொல்லலேன்னா, "கடல்ங்கற பேச்சை இந்த ஊர்ல இனிமே யாரும் எடுக்கக்கூடாது"ன்னுட்டாரு.

கிணத்துக்குக் கிணறு தண்ணி வேற வேற, அந்த மாதிரி கரைக்குக் கரை கடலும் வேற வேறன்னுதான் அவரு நெனச்சாரு. பூங்காவனமும் அப்படித்தான் நெனச்சா. மத்த ஊர்க்காரங்க நல்ல தண்ணிக் கரையாப் பாத்துப் புடிச்சு வச்சிருக்காங்க, நம்மகிட்ட மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு அவளுக்கு ஒரு கோவம் வேற. சரி, நம்ம நாக்கு இருக்கப் பயம் ஏன்னு, புருஷன் சடையனை வண்டி கட்டச் சொன்னா. சடையன் வாயத் தொறந்தா சோத்துக்குத்தான் தொறப்பான். மறுபேச்சு இல்லாம மாட்டப் பூட்டிட்டான்.

"ம்."

தடக்கு தடக்கு, தடக்கு தடக்குன்னு வண்டி ரெண்டு நாள் ஓடுச்சு. மூணாம் நாள் காலையில ஒரு சவுக்குத் தோப்பு வந்துச்சு. தோப்பத் தாண்டுனா, அடேயப்பா, கடல்! பூங்காவனம் வண்டியிலேருந்து எறங்காமயே நின்னுட்டா. இவ்ளோ தண்ணியும் யாரு இறைச்சு ஊத்துனதுன்னு சடையன் கேட்டான். அவன் அந்தப் பயணத்துல பேசுன முதல் பேச்சு அது. மணல் பச்சரிசி மாவு மாதிரி கிடந்துச்சு, கால வச்சா கீச்சுக் கீச்சுன்னுச்சு. இதுதான், இதேதான், அம்மன் இங்கதான் குளிக்கணும்னு அவ சேலையச் சொருகிக்கிட்டு ஓடுனா.

அப்போ ஒரு அலை வந்துச்சு பாரு, தொபுக்கடீர்! ஆளக் கவுத்துப் போட்டு வாய் நெறையத் தண்ணியும் ஊத்திட்டுப் போயிடுச்சு. தூ, தூ, தூன்னு துப்பிக்கிட்டே எந்திரிச்சா. ஒரே உப்பு. எங்க ஊரு மாடு கழுவுற தண்ணியே தேவலாம்னு சொல்லி வண்டியில ஏறிட்டா. ஏறுனாளே தவிர, திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தா. அவ்ளோ அழகான எடத்துக்கு இப்படி ஒரு தண்ணியான்னு அவளுக்கு வருத்தம்.

அப்புறம் கரையோரமாவே போனாங்க. தடக்கு தடக்கு, தடக்கு தடக்கு. அஞ்சாம் நாள் விடியக்காலையில ஒரு ஆறு கடல்ல கலக்கற எடம் வந்துச்சு. ஆயிரம் வெள்ளைப் பறவைங்க, பாதி ஒத்தக் கால்ல நிக்குதுங்க. செவப்பு நண்டுங்க குடுகுடுன்னு ஓடி வளையில ஒளியுதுங்க. இந்தத் தரம் பூங்காவனம் ஓடல. மெல்லப் போயி, ஒரு கை அள்ளி, நாக்கு நுனியில வச்சா. உப்பு இல்ல! லேசா சப்புன்னு இருந்துச்சு, ஆனா குடிக்கலாம். அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு சடையனோட கன்னத்தக் கிள்ளிட்டா.

உடனே ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனா ஒரு தண்ணிய மூணு வேளை ருசி பாக்காம அம்மனுக்கு அவ எடுத்ததே இல்ல. அதனால உக்காந்துட்டா. மத்தியானம் எடுத்து வாயில வச்சா, என்னமோ லேசாக் கரிச்சுது. சாயங்காலம் வச்சா, தூ, தூ, தூ! கடல் பொங்கி ஆத்துக்குள்ள ஏறியிருக்கு, அவளுக்கு அது எங்க தெரியும்? அங்க ஒரு பெரியவர் வலைய உதறிக்கிட்டு இருந்தாரு. அவர்கிட்டப் போயி, காலையில நல்லாத்தான் இருந்துச்சு, இடையில எவன் உப்பக் கொட்டுனதுன்னு சண்டைக்கு நின்னா. அவரு அவளை மேலயும் கீழயும் பாத்துட்டு, நான் கொட்டலம்மான்னு சொல்லிட்டு வேலையப் பாத்தாரு.

"ம்..."

கண்ணு சொக்குதா? இரு, இன்னும் கொஞ்சந்தான்.

எட்டாம் நாளு. இன்னைக்குக் குறுக்கு வழியில திரும்புனாத்தான் பத்தாம் நாள் ஊரு போய்ச் சேர முடியும். அப்போ மூணாவதா ஒரு கரை வந்துச்சு. பிறை மாதிரி வளைஞ்ச கரை. பச்சையும் நீலமும் மஞ்சளுமாப் படகுங்க வரிசையா நிக்குது. சின்னச் சின்ன அலை, சளக் சளக், சளக் சளக். ஒரு பக்கம் கருவாடு காயுது, ஒரு பக்கம் பனமரம் நிக்குது. மொதக் கரைய விட, ரெண்டாவது கரைய விட, இந்தக் கரைதான் அவளுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. அதனாலயே அள்ளறதுக்குப் பயமா இருந்துச்சு. கண்ண மூடிக்கிட்டு அள்ளி வாயில வச்சா.

உப்பு.

அப்படியே மணல்ல உக்காந்துட்டா. உக்காந்து ஓன்னு அழுதா. பச்சையம்மனுக்கு இனிமே அந்த இருட்டுதான், தனக்கும் அந்தச் சந்தைதான், நாக்கு நாக்குன்னு பீத்திக்கிட்டு வந்ததுதான் மிச்சம்னு அழுதா. கருவாடு திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்த ஒரு அம்மா கூடையக் கீழ வச்சுட்டு வந்தாங்க. பேரு அஞ்சலாட்சி. என்னம்மா, ஏதாவது தொலைச்சுட்டியான்னு கேட்டாங்க. பூங்காவனம் மூக்கச் சிந்திக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா. ஒம்பது கிணறு, ஏகாம்பரம் போட்ட சட்டம், ரெண்டு கரையில துப்புனது, எல்லாம்.

அஞ்சலாட்சிக்கு வந்துச்சு பாரு சிரிப்பு. வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. அப்புறம் இவ அழுதுக்கிட்டே இருக்கறதப் பாத்துட்டு, சட்டுன்னு நிறுத்திப் பக்கத்துல உக்காந்தாங்க.

"ஏம்மா, கடல் ஒண்ணுதாம்மா. கரைதான் வேற வேற."

"நான் துப்பிட்டு வந்தது எல்லாம் இதே தண்ணியாக்கா?"

"இதே தண்ணிதான்."

பூங்காவனத்துக்கு வெக்கம் புடுங்கித் தின்னுச்சு. கடலம்மா கோச்சுக்குவாளான்னு கேட்டா. ஊரு உலகத்து அழுக்கெல்லாம் ஆறு அடிச்சுக்கிட்டு வந்து அவகிட்டத்தான் கொட்டுது, உன் எச்சில் ஒண்ணுதான் பெரிசான்னு அஞ்சலாட்சி சொன்னாங்க. சொல்லிட்டு, ஆனா அம்மன் மேல உப்புத் தண்ணி ஆகாதேன்னு இவ ஆரம்பிக்கறதுக்குள்ள, எந்திரிச்சு வான்னு கையப் புடிச்சு இழுத்தாங்க.

அலையிலேருந்து ஒரு இருவது முப்பது தப்படி மேல வந்து, மண்டி போட்டு, பரக் பரக்னு மணலத் தோண்டுனாங்க. முழங்கை ஆழம் போச்சு. ஈரம் வந்துச்சு. இன்னும் தோண்டுனாங்க, பரக் பரக். அடியிலேருந்து தண்ணி குபுகுபுன்னு ஊறுச்சு. மொதல்ல கலங்கலா இருந்துச்சு, அப்புறம் தெளிஞ்சுது. இப்போ குடிச்சுப் பாருன்னாங்க.

பூங்காவனம் நாக்குல வச்சா. ஒரு தரம் வச்சா, ரெண்டு தரம் வச்சா, மூணு தரம் வச்சா. அந்த நாக்கு பொய் சொல்லாது கயலு. உப்பு இல்ல. அவ ஊரு எட்டுக் கிணத்துலயும் இல்லாத ருசி. கடலுக்குப் பக்கத்துல, அந்த உப்புக்குப் பக்கத்துல, மணலுக்கு அடியில நல்ல தண்ணி! நாங்க கடல்ல முழுவிட்டு இந்த ஊத்துத் தண்ணியிலதான் உப்ப அலசிக்குவோம், குடிக்கறதும் இதத்தான், உங்க அம்மனும் அப்படியே செய்யட்டுமேன்னு அஞ்சலாட்சி சொன்னாங்க. இந்தக் கரையில மட்டுந்தான் வருமான்னு இவ கேட்டா. மணல் மேடு இருக்கற கரையில முக்காவாசி வரும், இடம் பாத்துத் தோண்டணும்னு அவங்க சொன்னாங்க. பூங்காவனம் எந்திரிச்சு நின்னு, வந்த வழியப் பாத்தா, இன்னும் போகாத பக்கத்தையும் பாத்தா. ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டுற வரைக்கும் கரை போயிக்கிட்டே இருந்துச்சு.

அப்புறம் என்ன, மாடு பறந்துச்சு. தடக்குதடக்குதடக்குதடக்கு! பத்தாம் நாள் பொழுது சாயற நேரம், ஏகாம்பரம் கோயில் வாசல்ல நின்னு சூரியனப் பாக்கறாரு, தெருவப் பாக்கறாரு, சூரியனப் பாக்கறாரு. ஊரே கூடி நிக்குது. பூங்காவனம் வண்டியிலேருந்து குதிச்சா.

"எந்தக் கரை?"ன்னாரு.

"எல்லாக் கரையும்"னா.

ஊரு கசமுசான்னுச்சு. ஏகாம்பரம் சட்டத்த எடுத்தாரு. ஒரு கரையில குளிச்சா ஆயுசுக்கும் அதே கரைதான், மறந்துட்டியான்னாரு. பூங்காவனம் மறக்கல. இடுப்புல கைய வச்சுக்கிட்டு சொன்னா:

"கரைக்குக் கரை தண்ணி வேறன்னு நெனச்சு நீங்க போட்ட சட்டம் அது. நானும் அப்படித்தான் நெனச்சேன். கடல் ஒண்ணுதான் ஐயா, எல்லாம் உப்பு; கரை மணலத் தோண்டுனா உப்ப அலச நல்ல தண்ணி வருது. அம்மா எந்தக் கரையில எறங்குனாலும் அதே தண்ணியிலதான் எறங்கறா. அப்போ சட்டத்த யாரு மீறுனது?"

ஏகாம்பரம் ஊரத் திரும்பிப் பாத்தாரு. அப்போ ஊர் முன்னாடி வாயே தொறக்காத சடையன், ஆமாங்க, நானும் பாத்தேன், ஒண்ணுதான்னு சொன்னான். சடையனே பேசிட்டான்னா அதுல பொய் இருக்காதுன்னு ஊரு ஒத்துக்கிச்சு. ஏகாம்பரமும் தலையாட்டிட்டாரு.

"ம்..."

மகத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே பச்சையம்மன் கிளம்புனா. டண்டணக்க டண்டணக்க! மொதல்ல அஞ்சலாட்சி கரைக்குத்தான். அங்க படகுக்காரங்க பூரா எங்க வீட்டுப் பொண்ணு வருது வருதுன்னு எதிர்கொண்டு வந்து பல்லக்குல தோள் குடுத்தாங்க. பூங்காவனம் அம்மனக் கையில எடுத்துக்கிட்டு இடுப்பளவு தண்ணியில எறங்குனா. முழங்கை அளவு அம்மன், முழுசாக் கடல். முங்கி எடுத்தப்போ பூங்காவனத்துக்கு சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. பாருடியம்மா, நல்லாப் பாருன்னு அம்மன் காதுல சொன்னா. அப்புறம் ஊத்துத் தண்ணியில அலசி, மஞ்சள் பூசி, பட்டுக் கட்டுனாங்க.

ஏகாம்பரம் மட்டும் கரையிலேயே நின்னாரு, வேட்டி நனையக்கூடாதுன்னு. சளக் சளக்னு இருந்த அலைக்கு என்ன தோணுச்சோ, ஒண்ணு மட்டும் எம்பி வந்துச்சு. தொபுக்கடீர்! துண்டு ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். ஊரே மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு, இப்ப என்ன சட்டம் போடப் போறாரோன்னு. அவரு தண்ணிக்குள்ளயே உக்காந்தாரு. முகத்தத் தொடச்சாரு. அடுத்த அலை வந்துச்சு, அதுக்கும் உக்காந்தே இருந்தாரு. அதுக்கடுத்த அலைக்குச் சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாரு. அப்புறம் பூங்காவனத்தப் பாத்து மெதுவாக் கேட்டாரு:

"அடுத்த வருஷம் எந்தக் கரைம்மா?"

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்"னா பூங்காவனம்.

கயலு? ம் கொட்டு. கொட்டலியா? சரி, சரி. அம்மன் குளிச்சாச்சு, கதையும் கரையேறியாச்சு, என் தங்கமும் தூங்கியாச்சு.