சுனையைப் பிடிச்ச நரியும் தண்ணி சுமந்த கல்கவுதாரியும்

ஒரு ஊர்லன்னு ஆரம்பிக்க முடியாது, ஏன்னா அங்கே ஊரே கிடையாது. மழை எட்டிப் பார்க்காத பொட்டல்காடு. அங்கே ஒரு கல்கவுதாரியும் அவன் பெண்டாட்டியும் இருந்தாங்களாம். கூடு கட்டக் குச்சி இல்லை, அதனால வெறுந்தரையிலேயே முட்டை போட்டு, மூணு குஞ்சு பொரிச்சு, பகலெல்லாம் அம்மாக்காரி இறக்கையை விரிச்சு வெயிலைத் தன் முதுகுல வாங்கிக்கிட்டு நின்னாளாம். தின்ன விதை கிடைச்சுது. தண்ணிதான் இல்லை. பறக்கத் தெரியாத குஞ்சுக்கு அப்பன்காரன்தான் தண்ணி கொண்டாரணும். அவன் வயித்து இறகு பஞ்சு மாதிரி தண்ணியை இழுத்து வச்சுக்கும். அம்மா இறகு அப்படி இல்லை. இருந்திருந்தா அந்த வேலையும் அவ தலையிலதான் விழுந்திருக்கும்.

ரொம்ப தூரத்துல பாறைக்குள்ள ஒரு சுனை. மேலே முள்ளு மூடியிருக்கும், ஒரே வழி, நடந்துதான் போகணும். அந்தச் சுனையில ஒரு நரி கழுத்து வரைக்கும் உட்கார்ந்துக்கிட்டு நான்தான் ராஜான்னுச்சு. வந்தவங்க வயிறு கொண்ட மட்டும் குடிக்கலாம், ஒரு சொட்டு வெளியே போகக் கூடாதுன்னு உத்தரவு. குட்டி குஞ்செல்லாம் தாகத்துல சாகும், அலுங்காம தின்னலாம்னு அதுக்கு எண்ணம். வாசல்ல ஒரு காட்டுப்பன்னி காவல். சொன்னதைச் செய்யும், யோசிக்கிற பழக்கம் இல்லை.

முதல் நாள் கவுதாரி வயித்தை நனைச்சுக்கிட்டு வந்தான். பன்னி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துச்சு, ஒண்ணுமில்லை, விட்டுருச்சு. குஞ்சுங்க அப்பன் வயித்து இறகை உறிஞ்சிக் குடிச்சுதுங்க.

ரெண்டாம் நாள் நரிக்குப் புரிஞ்சுபோச்சு. உடம்பு நனைஞ்சவன் எவனா இருந்தாலும் காயற வரைக்கும் விடாதே, மீறினா முட்டித் தள்ளுன்னு பன்னிகிட்டச் சொல்லிட்டு மறுபடி தண்ணியில சாய்ஞ்சுக்கிச்சு. கவுதாரி காய்ஞ்ச வயித்தோட வீட்டுக்குப் போனான். குஞ்சுங்களுக்குக் கழுத்து தொங்கிப்போச்சு. பெண்டாட்டி அழலை.

"நாளைக்கும் இப்படி வெறுமனே வர்றதா இருந்தா, வராமலே இருங்க"ன்னா.

மூணாம் நாள் அவன் நல்லா நனைஞ்சுக்கிட்டு நேரா நரிகிட்டப் போனான். "ராஜா, குஞ்சுங்க எப்படியும் சாகப்போகுது. இடத்தைக் காட்டறேன், வர்றீங்களா?"

என்ன முழிக்கிறே? அப்பன் அவ்வளவு மோசமில்லை, பேசாம கதையைக் கேளு.

நரி எழுந்து, சொட்டச் சொட்ட முன்னால ஓடுச்சு. வாசல்ல பன்னி குறுக்கே நின்னுச்சு.

"நனைஞ்சிருக்கீங்க."

"டேய், நான்டா ராஜா."

"காய்ஞ்சிட்டுப் போங்க."

"உத்தரவு போட்டதே நான்தான்டா."

"தெரியும். அதான் சொல்றேன்."

நரி தாண்டப் பார்த்துச்சு. பன்னி ஒரே முட்டு. நரி பாறையில போய் விழுந்துச்சு. அப்புறம் பன்னி, காயற வரைக்கும் விடக் கூடாதேன்னு, அது மேலேயே ஏறி உட்கார்ந்துக்கிச்சு. வாசல் காலி. கவுதாரி ஓடி, பறந்து, குஞ்சுங்ககிட்ட வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்னான். மூணும் தலையைத் தூக்கிக் குடிச்சுதுங்க. ஏன் இவ்வளவு நேரம்னு பெண்டாட்டி கேட்டா.

பன்னி எழுந்திரிக்கவே இல்லை. எழுந்திருன்னு சொல்ல ராஜாவுக்கு மூச்சு இல்லையே. அதுக்கப்புறம் எல்லாரும் குடிச்சாங்க, கொண்டும் போனாங்க.

குஞ்சு குடிச்சாச்சு, நரி காய்ஞ்சாச்சு, கதையும் தீர்ந்தாச்சு. கண்ணை மூடு.