தலைவர் ஏறிய சக்கர நாற்காலி

பூமலைப் பூங்காவில் சித்திரைப் பூக்கள் கொட்டிக் கிடந்தன. நடக்க முடியாதவர்களும் வந்து பார்க்கட்டுமென்று ஊர்த் தலைவர் கோதண்டபாணி ஒரு சாய்வுப் பாதை போட்டு, அதன் வாசலிலேயே தன் பேரைக் கல்வெட்டில் பொறித்திருந்தார். பாதையோ பனைமரம் மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது.

திறப்பு விழாவுக்குப் புருஷனும் பிள்ளைகளுமாக வந்திருந்த தையல்காரி அஞ்சலாட்சி, தன் சக்கர நாற்காலியிலிருந்து அதை அண்ணாந்து பார்த்தாள்.

"மைக்கில் நாலு வார்த்தை பேசும்மா. குறைன்னு ஒரு சொல் வரக்கூடாது!" என்று அதட்டினார் தலைவர்.

"நான் ஏங்கய்யா குறை சொல்றேன்?" என்றவள் மைக்கை வாங்கினாள். "இவ்வளவு நல்ல பாதையைத் தலைவரய்யா நடந்து போய்த் திறந்தா மரியாதையா? என் நாற்காலியிலேயே ஏறிப் போய்த் திறக்கணும்!"

கூட்டம் கைதட்டியது. என்னதான் ஆகுமென்று எல்லோரும் எக்கி எக்கிப் பார்த்தார்கள். புருஷன் அவளைத் தூக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தான். தலைவர் மாலையும் மைக்குமாக நாற்காலியில் ஏறிக்கொண்டார். நாலு பேர் தம் கட்டித் தள்ளினார்கள். பாதி வழியில் நாற்காலி பின்னால் சரியத் தொடங்கியது.

"ஐயோ! எந்த மடையன்யா இதைக் கட்டினது?"

தலைவரின் அலறல் மைக்கில் பூங்கா முழுக்கக் கேட்டது.

எல்லோரும் கல்வெட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.